சமன் குறி சொல்வது என்ன?

கணக்கில் வரும் குறிகளுள் மிக எளிமையானது எது என்று கேட்டால், நம்மிற் பலர் சமன் குறியைத்தான் காட்டுவோம். ஒரே நீளமான இரண்டு சிறு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று. பாலர் வகுப்பிலேயே பழகிவிட்ட குறி. பின்னங்களிலும் தசமங்களிலும் தடுமாறியவர்கள் உண்டு. சமன் குறியில் தடுமாறினேன் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆனால் கணக்கைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, எல்லாவற்றிலும் அதிகக் குழப்பம் தருகின்ற குறி இதுவாகவே இருக்கின்றது. "இதுவும் அதுவும் சமன்" என்று எழுதும்போது நாம் எதைச் சொல்கிறோம்? இரண்டும் ஒன்றே என்றா? ஒன்றுக்கு மற்றது ஈடு என்றா? இதைச் செய்தால் அது கிடைக்கும் என்றா? இந்தக் கேள்வி கணித வகுப்போடு நின்றுவிடுவதில்லை. நாம் பிறந்த நாட்டிலும் வந்து சேர்ந்த இந்த நாட்டிலும், நம் வாழ்க்கையைத் தீர்மானித்த பல கடதாசிகளில் கண்ணுக்குத் தெரியாத சமன் குறி ஒன்று இருந்திருக்கிறது. ஆகவே இதைச் சற்று ஆறுதலாகச் சிந்திப்பது பயனுள்ளது.

குறி பிறந்த கதை

இந்தக் குறியை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் ரோபேர்ட் றெக்கோர்ட் என்ற வேல்ஸ் நாட்டவர். மருத்துவர், நாணயச் சாலையொன்றில் அதிகாரியாகவும் இருந்தவர். 1557ஆம் ஆண்டு வெளியான தமது அட்சரகணித நூலில், "இது அதற்குச் சமன்" என்ற சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்ப்பதற்காக, ஒரே நீளமான இரண்டு சமாந்தரக் கோடுகளை இட்டார். அவற்றை விடச் சமமான இரண்டு பொருட்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டே, 1558இல், அவர் கடன்பட்டவராகச் சிறையில் இறந்தார். சமன் குறியை உலகுக்குத் தந்தவரின் சொந்தக் கணக்கு சமப்படவில்லை.

அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்த இரண்டு கோடுகளும் ஒரே கோடு அல்ல. ஒன்று மேலே இருக்கிறது, மற்றது கீழே இருக்கிறது. அவை சமனாவது நீளம் என்ற ஓர் அளவையில் மட்டுமே. வேறு வேறான இரண்டு, ஏதோ ஓர் அளவையில் ஒத்து நிற்கின்றன என்பதே அந்தக் குறியின் பொருள். வேறுபாடே இல்லாத இடத்தில் சமன் குறிக்கு வேலையும் இல்லை. "ஐந்து சமன் ஐந்து" என்பதால் எவருக்கும் எந்தப் புதிய அறிவும் கிடைப்பதில்லை. "இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்து" என்பதில்தான் செய்தி இருக்கிறது.

நம் முன்னோர் இதைத் தராசை வைத்து விளங்கிக்கொண்டார்கள். திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமையில் சான்றோருக்குத் துலாக்கோல் உவமையாக வருகிறது. தராசின் ஒரு தட்டில் இரும்புப் படிக்கல், மற்றத் தட்டில் அரிசி. இரும்பு அரிசியாகிவிடுவதில்லை. நிறையில் மட்டுமே இரண்டும் சமன்.

கணக்கியலும் இதே தராசுதான். 1494இல் வெனிஸ் நகரில் அச்சான நூலில் லூக்கா பச்சியோலி என்ற துறவி விளக்கிய இரட்டைப் பதிவு முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. ஐந்தொகையில் ஒரு பக்கம் சொத்துக்கள், மறுபக்கம் கடன்களும் மூலதனமும். இரு பக்கமும் சமப்பட வேண்டும். ஆனால் கணக்குப் படிக்கும் மாணவருக்கு முதல் ஆண்டிலேயே ஓர் எச்சரிக்கையும் கற்பிக்கப்படுகின்றது. பரீட்சை மீதி சமப்பட்டுவிட்டது என்பதற்காகக் கணக்கு சரியென்று நம்பிவிடக் கூடாது. ஒரு கொடுக்கல் வாங்கலை முழுவதுமாக எழுதாமல் விட்டாலும் இரு பக்கமும் சமப்படும். ஒரு பிழையை இன்னொரு பிழை மூடினாலும் சமப்படும். சமன் என்பது ஒரு சாட்சி. முழுத் தீர்ப்பும் அதுவல்ல.

பிள்ளைகள் படிக்கும் விதம்

அமெரிக்காவில் 1990களில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சிறு கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். "8 + 4 = வெற்றிடம் + 5. வெற்றிடத்தில் வருவது என்ன?" பெரும்பாலான பிள்ளைகள் 12 என்று எழுதினார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றார்கள். சரியான விடை 7. பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. சமன் குறியைக் கண்டவுடன் அவர்கள் அதை "இனி விடையை எழுது" என்ற கட்டளையாக வாசித்தார்கள். கல்குலேற்றரில் அந்தப் பொத்தானை அமத்தினால் விடை வருகிறதல்லவா, அதே போல.

ஒன்ராறியோவின் 2020ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டத்தில் முதலாம் வகுப்பிலிருந்தே கணினி நிரலாக்கமும் சேர்க்கப்பட்டது. அங்கே இன்னொரு சிக்கல். பைத்தன் போன்ற மொழிகளில் "க = க + 1" என்று எழுதலாம். கணிதத்தில் இது அபத்தம். எந்த எண்ணும் தன்னை விட ஒன்று கூடியதாக இருக்க முடியாது. நிரலில் அதன் பொருள், "க என்ற பெட்டியில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி அதே பெட்டியில் வை" என்பதாகும். உண்மையிலேயே சமனா என்று கேட்பதற்கு அங்கே இரண்டு சமன் குறிகளை அடுத்தடுத்து இட வேண்டும். ஆக, ஒரே குறி ஓரிடத்தில் கூற்று, ஓரிடத்தில் கட்டளை, ஓரிடத்தில் பெட்டியில் வைக்கும் வேலை. இங்கே மார்க்கத்தில் வீட்டுப் பாடத்தோடு இருக்கும் பிள்ளை குழம்பினால் அதைக் கண்டிக்க நியாயமில்லை.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கமாகத் திருப்பிப் படியுங்கள். அப்போதும் உண்மையாக இருந்தால் அது சமன். நமது கடைத் தொகுதிகளில் நாணயம் மாற்றும் இடத்தில், ஒரு டொலர் இத்தனை ரூபாவுக்குச் சமன் என்று எழுதியிருப்பார்கள். அதே ரூபாவைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஒரு டொலர் முழுவதாக வராது. வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. அங்கே எழுதப்பட்டிருப்பது சமன் குறியல்ல, ஒருவழிப் பாதைக்கான அம்புக்குறி.

ஒரு கணக்கு எழுத்தரின் சமன்

சமன் குறியை உலகமே திடுக்கிடும்படி எழுதியவர் ஒரு தமிழ்நாட்டுக் கணக்கு எழுத்தர். ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்குச் சேர்ந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரைத் தம் குலதெய்வமாக வணங்கியவர். அவர் எழுதியது இது: ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டு போனால், அதன் தொகை, கழித்தல் குறியுடன் பன்னிரண்டில் ஒன்று.

எந்தக் கணக்காளரும் இதைப் பார்த்தவுடன் பேனையைக் கீழே வைத்துவிடுவார். எல்லாம் வரவாகவே வந்துகொண்டிருக்க, முடிவில் கடன் எப்படி வரும்? இராமானுஜனின் குறிப்பேட்டில் இருக்கும் வழி வியப்பானது. அந்தத் தொகையை "க" என்று வைத்துக்கொள்வோம். அதன் நான்கு மடங்கு 4, 8, 12 என்று போகும். அவற்றை மூலத் தொடரின் இரண்டாம், நான்காம், ஆறாம் இடங்களிலிருந்து கழித்தால், 1 - 2 + 3 - 4 என்று மாறி மாறி வரும் தொடர் மிஞ்சும். அதற்குக் கணிதர்கள் ஒரு முறைப்படி கால் என்ற பெறுமதியைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே, க கழித்தல் நான்கு க, அதாவது கழித்தல் மூன்று க, கால். அப்படியானால் க, கழித்தல் பன்னிரண்டில் ஒன்று.

1912இல் அவருடைய தாள்களைப் பார்த்த இலண்டன் பேராசிரியர் ஹில், விரிந்து செல்லும் தொடர்களின் பொறிக்குள் இந்த இளைஞர் விழுந்துவிட்டார் என்று கருதினார். அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதத்தில் இந்தத் தொகையையே குறிப்பிட்டு, இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டிவிடுவீர்கள் என்ற கருத்துப்பட எழுதினார். ஆனால் அந்த வாக்கியத்தில் அவர் ஒரு நிபந்தனையையும் வைத்திருந்தார். தமது கோட்பாட்டின்படி இந்தப் பெறுமதி என்றார். எல்லாமே அந்தச் சிறு நிபந்தனையில்தான் தங்கியிருக்கிறது. சாதாரணக் கூட்டலின்படி அந்தத் தொடருக்குத் தொகையே இல்லை. ஒயிலரும் பின்னர் 1859இல் றீமானும் எழுதியவற்றோடு இணையும் வேறொரு விதிப்படி பார்த்தால், அதற்கு ஒரே ஒரு பெறுமதிதான் பொருந்தும். அது கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. ஹார்டி அந்தச் சமன் குறியின் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மிக விசித்திரமான சமன்கூட நேர்மையானதாக இருக்கலாம், எந்த அளவையின்படி என்று சொல்லப்பட்டிருந்தால். மிகச் சாதாரணமாகத் தோன்றும் சமன்கூட நேர்மையற்றதாக இருக்கலாம், அந்த அளவை மறைக்கப்பட்டிருந்தால்.

250உம் 227உம்

நம் பெற்றோர் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சமன் இது. இலங்கையில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் நுழைவதற்குத் தமிழ் மொழி மூல மாணவர் 400க்குக் குறைந்தது 250 புள்ளி பெற வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 போதுமாயிற்று. அதாவது 250 சமன் 227 என்று ஓர் அரசாங்கம் எழுதியது. தொடர்ந்து 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அந்த 23 புள்ளிகளின் கதையைப் பின்னாளில் எத்தனை குடும்பங்கள் எத்தனை நாடுகளில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் இங்கே நேர்மையாகச் சிந்திப்பது அவசியம். வெவ்வேறு புள்ளிகளைச் சமன் என்று கொள்வது எப்போதுமே அநீதியா? மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்து மாணவர் இழந்தார்கள் என்பது உண்மை. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலர் அதனாலேயே பல்கலைக்கழகத்தைக் கண்டார்கள் என்பதும் உண்மை. வசதியற்ற பள்ளிக்கூடத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பெற்ற 227ஐ, பெயர்பெற்ற கல்லூரியில் பெற்ற 250க்குச் சமன் என்று சொல்ல ஒரு நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்தை எவர் முன்னும் உரத்துச் சொல்லலாம். அது எல்லா இனத்துப் பிள்ளைக்கும் பொருந்தும். மொழிவாரிச் சமனுக்கு அப்படிப்பட்ட அளவை இல்லை. கொழும்பில் எல்லா வசதியோடும் படித்த சிங்களப் பிள்ளைக்கும், கிளிநொச்சியில் ஒரு வசதியும் இல்லாமல் படித்த தமிழ்ப் பிள்ளைக்கும், எழுதிய மொழி ஒன்றையே அளவையாக்கியது அது. திருப்பிப் படித்துப் பார்த்தாலும் விடை தெரியும்: அந்தக் கிளிநொச்சிப் பிள்ளை 227 எடுத்திருந்தால், அதை 250 என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒரே குறி, இரண்டு பயன்கள். ஒன்று பலவீனமானவனைத் தாங்கப் போடப்பட்டது, மற்றது பலமுள்ளவனின் விருப்பத்தை மறைக்கப் போடப்பட்டது. குறியைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. அளவையைக் கேட்டால் தெரியும்.

கடதாசியில் சமன்

இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த எங்களிற் பலருக்கு ஒரு கடதாசி கிடைத்தது. இலங்கையில் நாம் பெற்ற பட்டம் கனேடியப் பட்டத்துக்குச் சமன் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. காசு கட்டிப் பெற்ற கடதாசி. கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்தவர்களும் உண்டு. அதைக் கொண்டு போய் வேலை வழங்குநர் ஒருவரிடம் கொடுத்தபோது அவர் மரியாதையோடு வாசித்துவிட்டு, "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கள் தொழிலில் பற்றும் வரவும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் ஒன்றுதான். பச்சியோலி இரண்டு ஊரையும் கண்டதில்லை. இரவில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டு, பகலில் பரீட்சைக்குப் படித்து, பத்து ஆண்டுகளின் பின் கணக்காளர் நாற்காலிக்குத் திரும்பியவர்கள் நம்மிடையே பலர்.

அந்தக் கடதாசியையும் திருப்பிப் படித்துப் பாருங்கள். கனேடியப் பட்டம் பெற்றவர் ஒருவரிடம், "யாழ்ப்பாண அனுபவம் இருக்கிறதா?" என்று எங்காவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள் என்றால், அங்கே எழுதப்பட்டிருந்தது சமன் அல்ல.

இந்தத் தடையை இந்த நாடே அடையாளம் கண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, கனேடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது மேலோட்டமான பார்வையில் பாரபட்சமே என்ற கொள்கையை வெளியிட்டது. 2021இல் வந்த மாகாணச் சட்டம், ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் அந்த நிபந்தனையை நீக்க வழிசெய்தது. இன்று வருகின்றவர்களுக்கு அது உதவும். போன பத்து ஆண்டுகளை எந்தச் சட்டத்தாலும் வரவு வைக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னோடியாகக் கனடிய உச்ச நீதிமன்றம் 1989இல் அன்ட்ரூஸ் வழக்கில் அளித்த தீர்ப்பைக் குறிப்பிடலாம். அன்ட்ரூஸ் பிரித்தானியர், இங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவர். கனேடியப் பிரஜை அல்லர் என்ற ஒரே காரணத்தால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் வழக்கறிஞர் ஆக முடியவில்லை. அந்த நிபந்தனை உரிமைச் சாசனத்தின் 15ஆம் பிரிவுக்கு முரணானது என்று நீதிமன்றம் கண்டது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதே சமத்துவம் ஆகிவிடாது என்பதையும், ஒரே மாதிரி நடத்துவதே சில வேளை பாரதூரமான சமமின்மையை உண்டாக்கும் என்பதையும் அத்தீர்ப்பு விளக்கியது. றெக்கோர்டின் இரண்டு கோடுகள் சொன்னதும் இதுவே. சமன் என்றால் ஒன்றே என்று பொருளல்ல.

நாம் இடும் சமன் குறிகள்

இதுவரை மற்றவர்கள் நமக்கு இட்ட சமன் குறிகளைப் பார்த்தோம். நாம் இடுகின்றவற்றையும் பார்ப்பது நியாயம்.

கோயில் அன்னதானப் பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் அமர்கிறோம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இருபது வயது இளைஞனுக்கும் ஒரே அளவு சோறு வைப்பதில்லை. பல்லில்லாத பாட்டிக்குக் குழைத்துக் கொடுக்கிறோம். அதைப் பாரபட்சம் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே அளவை பசி என்பது எல்லோருக்கும் தெரியும். பொதுக் கூட்டத்தில் பெருந்தொகை கொடுத்த உபயகாரருக்கும் மடைப்பள்ளியில் அண்டா கழுவியவருக்கும் ஆளுக்கொரு வாக்கு. அங்கே அளவை அங்கத்துவம். இவை இரண்டும் நேர்மையான சமன்கள். ஆனால் பொன்னாடை போர்த்தும் நாளில் அந்த அண்டா கழுவிய கையை நாம் எந்த அளவையில் நிறுக்கிறோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் இடும் சமன் குறி இன்னும் கூர்மையானது. "நாங்கள் பட்ட கஷ்டமெல்லாம் உனக்காகத்தான்" என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு சமன் குறி தொங்குகிறது. இழந்த வீடு, இழந்த உறவு, குளிரில் செய்த இரவு வேலை, எல்லாவற்றையும் இடப் பக்கத்தில் கூட்டிவிட்டு, வலப் பக்கத்து வெற்றிடத்தில் பிள்ளையை நிறுத்துகிறோம். "இனி விடையை எழுது" என்று ஆரம்ப வகுப்புப் பிள்ளை சமன் குறியை வாசித்ததே, அதே வாசிப்பு இது. மருத்துவம், பொறியியல் என்ற விடைகளைத் தவிர வேறெதுவும் அந்த வெற்றிடத்துக்குள் அடங்குவதுமில்லை.

திருப்பிப் படிப்போம். பிள்ளை மருத்துவராகிவிட்டால் இழந்தது திரும்பி வந்துவிடுமா? வராது. பிள்ளை வேறு துறைக்குப் போனால் நாம் பட்டது வீணாகிவிடுமா? ஆகாது. ஆகவே அது சமன்பாடே அல்ல. நாம் கொடுத்தது கொடை, கடன் அல்ல. கொடையைக் கடன் என்று எழுதினால், இரு பக்கமும் என்னதான் சமப்பட்டாலும், அந்தப் பேரேடு அடிப்படையில் பிழையானது. சில இழப்புகளுக்கு வலப் பக்கமே கிடையாது. அவற்றை அப்படியே திறந்த கணக்காக வைத்திருப்பதுதான் நேர்மை. அவற்றை மூடுவதற்காகப் பிள்ளைகளின் பெயரில் ஒரு பதிவைப் போடக் கூடாது.

சமன் குறியை எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எந்த அளவையில் சமன் என்று அவர் சொல்ல வேண்டும். வாசிக்கிறவருக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதைத் திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டும். நமக்கு இடப்பட்ட குறிகளில் அந்த உரிமையைக் கேட்டவர்கள் நாம். நாம் இடும் குறிகளில் அந்தப் பொறுப்பையும் ஏற்போமாக.